சுவரில் விழுந்த குளம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்று எழுந்து நின்று கேட்க வேண்டாம். நீதிக்கதை என்றால் ஒரு சிங்கமாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. விதியை நிறைவேற்ற, வடக்கே எங்கோ இருந்து பணி மாறுதலில் அனுப்பி வைத்திருந்தார்கள். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தமிழைப் பாடப் புத்தகம் வைத்துப் படித்துத் தேர்வும் எழுதித் தேறியிருந்ததால், ‘இது மரம்’, ‘அது மான்’, ‘நான் மானை உண்பேன்’ என்று பிழையில்லாமல் பேசும். அதற்கு மேல் பேச வேண்டிய அவசியம் ஒரு ராஜாவுக்கு வந்ததில்லை.

ராஜாவின் நேர்முக உதவியாளர் ஒரு நரி. நரி என்றதும் தந்திரம் என்று நினைப்பீர்கள். இந்த நரிக்குத் தந்திரம் சுட்டுப் போட்டாலும் வராது. விதிமுறைதான் வரும். எட்டாத பழம் புளிக்கும் என்று சொல்வதானால்கூட மூன்று பிரதிகளில் எழுதி, ஒன்றைப் பழத்துக்கே அனுப்பிவைக்கும் ரகம்.

ஆனால் கதை இவர்களுடையது அல்ல. அங்காயி என்கிற நீர்நாயுடையது.

அங்காயி காட்டின் தெற்கு ஓரத்தில், நாணல்குளத்தில் குடியிருந்தாள். மூன்று குட்டிகள். புருஷன் போன ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றோடு கீழே போனவன், போன இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி அங்காயி பேச மாட்டாள், நாமும் விட்டுவிடுவோம். நாணல்குளம் மழையை நம்பிய குளம் இல்லை. முன்பு இருந்த ராஜா ஒரு சோம்பேறிப் புலி. அவர் தம் ஆட்சிக் காலத்தில் செய்த ஒரே நல்ல காரியம், குளக்கரையில் ஆழ்குழாய் ஒன்று போட்டு, அதற்கு மோட்டார் வைத்து, மோட்டாருக்கு வெயிலில் மின்சாரம் எடுக்கும் சோலார் பலகையை மொட்டைப்பாறை உச்சியில் பொருத்தியது. தினமும் பொழுது ஏறியதும் மோட்டார் ‘டுர்ர்ர்’ என்று இரையும், குளத்தில் தண்ணீர் விழும். இப்படியே பத்து வருஷம் ஓடியது.

பங்குனியில் ஒருநாள் மோட்டார் இரையவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு மாதத்தில் குளம் குட்டையாகி, குட்டை அண்டா அளவுக்கு வந்துவிட்டது. குட்டிகள் முறை வைத்துக்கொண்டு நனைந்தன. ஒன்று நனையும்போது மற்ற இரண்டும் கரையில் உட்கார்ந்து, “போதும் எழுந்திரு” என்று கத்தின. இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் நனைவதற்கு முறை வைக்கவும் ஒன்றும் இருக்காது.

எனவே அங்காயி மனு எழுதினாள். குறை மனுவில் இரண்டு பேராவது கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தக் காட்டு விதி. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? கொக்குகள் பறந்துவிட்டன. தவளைகள் மண்ணுக்குள் போய்விட்டன. ஆமை குடிபெயர்ந்து ஒரு மாதம் ஆகிறது, திரும்பிப் பார்த்தால் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கூப்பிட்டால் வர ஒரு மாதம் ஆகும். மிச்சம் இருந்தது அய்யாவு என்கிற விரால் மீன் ஒன்றுதான். விரால் சேற்றிலும் மூச்சு விட்டுப் பிழைக்கும் சாதி. அவனுக்கு ஆறு அண்ணன்மார் இருந்தார்கள். ஆறு பேரையும் அங்காயி குடும்பம்தான் கவனித்துக்கொண்டது, ஆளுக்கு ஒரு வேளை வீதம்.

“போடுறேன் அக்கா,” என்றான் அய்யாவு. “ஆனா விதியைப் படிச்சுட்டுப் போடுறேன்.”

படித்தான். வாலால் கையெழுத்துப் போட்டான். அவனையும் ஒரு மண்பானையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு அங்காயி அலுவலகத்துக்குப் போனாள். மனுதாரர் இருவரும் நேரில் வர வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது.

அலுவலகம் ஒரு குகை. வாசலில் நரி உட்கார்ந்து ஒரு கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தது.

“சார், நாணல்குளத்துல தண்ணி இல்ல சார்.”

நரி மனுவை வாங்கிப் பார்த்தது. பானையையும் எட்டிப் பார்த்தது. “இரண்டாவது மனுதாரர் யார்? மீன் மாதிரி இருக்கிறதே.”

“மீன்தான் சார். குடும்பத்துல ஒருத்தன் மாதிரி.”

“விதி நாற்பத்தொன்று தெரியுமில்லையா? மனு முடியும்வரை ஒரு மனுதாரர் இன்னொரு மனுதாரரை உண்ணக் கூடாது.”

“தெரியும் சார்,” என்று அய்யாவு பானைக்குள் இருந்து பதில் சொன்னான். அங்காயி உதட்டை நக்கிக்கொண்டாள். அவள் நல்ல மீன் தின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் நண்டு ஓட்டை உறிஞ்சித்தான் காலம் ஓடுகிறது.

நரி மனுவைத் திருப்பி நீட்டியது. “தாளில் எழுதினதை இப்போது வாங்குவதில்லை அம்மா. காடு டிஜிட்டல் ஆகிவிட்டது. மேலிடத்தில் இருந்து ப்ரொஜெக்டர் வந்திருக்கிறது. எந்தக் குறையாக இருந்தாலும் குகைச் சுவரில் படமாகக் காட்ட வேண்டும். சுவரில் விழுந்ததே பதிவு. விழாதது இல்லாதது. வெள்ளிக்கிழமை தர்பார்.”

“குளம் இங்கருந்து கூப்பிடு தூரம் சார். ராஜா எட்டிப் பார்த்தாலே தெரியுமே.”

“எட்டிப் பார்க்க விதி இல்லை.”

ப்ரொஜெக்டர் ஒரு மேஜைக்கல்லின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் யாரும் அதைத் தொட்டதில்லை. ஆயுத பூஜைக்குக் காத்திருந்ததுபோல் குங்குமம் மட்டும் வைத்திருந்தார்கள். அங்காயிக்கு விரல்கள் இருந்தன. காட்டில் விரல் உள்ள பிராணிகள் இரண்டே இனம், அதில் குரங்குகள் ஏற்கெனவே ரிமோட்டை ஒருமுறை மரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தன. எனவே நரி ரிமோட்டை அங்காயி கையில் வைத்து, “வெள்ளிக்கிழமைக்குள் பழகிக்கொள்ளுங்கள்,” என்றது.

“கையேடு ஏதாவது இருக்கா சார்?”

“இருந்தது.” நரி குகை மூலையைக் காட்டியது. “அவர் தின்றுவிட்டார்.”

மூலையில் ஒரு கிடா படுத்திருந்தது. பெயர் ஒச்சப்பன். பக்கத்து ஊர்க் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா. மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாமி உத்தரவுக்குக் காத்திருந்தபோது, தலையை ஆட்டாமல் காலை ஆட்டிக் காட்டுக்குள் ஓடிவந்தவன். அன்றிலிருந்து அவனுக்கு எதிலும் பயம் கிடையாது, பசி மட்டும் உண்டு.

“கையேட்டின் எல்லாப் பக்கங்களும் இப்போது இவரிடம்தான் இருக்கின்றன,” என்றது நரி. “வேறு யாரிடமும் ஒரு பக்கம்கூட இல்லை. ஆகவே இவரைத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமித்திருக்கிறோம்.”

ஒச்சப்பன் அடக்கமாகத் தலையைக் குனிந்து ஏப்பம் விட்டான். “பயப்படாத தாயி. அசை போட்டா ஒவ்வொரு பக்கமா மேல வரும். வர்றப்ப சொல்றேன்.”

இப்படியாக அங்காயியின் படிப்பு தொடங்கியது. ஓர் ஆடு அசை போடுவதைப் பார்த்துக்கொண்டே தொழில்நுட்பம் கற்றவர்கள் உலகத்தில் குறைவுதான், ஆனால் அதைவிட மோசமாகக் கற்றவர்களை நான் அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, வெந்நீர் அடுப்புபோல் பக்கவாட்டில் அனல் அடித்தது. சுவரில் ஒன்றும் விழவில்லை. அங்காயி சுவரைத் தட்டிப் பார்த்தாள். ப்ரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தாள். பொழுது சாயும்வரை ஒச்சப்பன் அசை போட்டுக்கொண்டே இருந்தான்.

“வருது, வருது தாயி… மூணாம் பக்கம்… ‘எங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி.’”

“அண்ணே, அதுக்கு அடுத்த பக்கம்?”

“அவசரப்பட்டா குடல்ல சிக்கிக்கும். இரு. நாலாம் பக்கம்… ‘லென்ஸ் மூடியைக் கழற்றவும்.’”

கழற்றினாள். சுவரில் வெளிச்சம் பாய்ந்தது. மூடியை ஒச்சப்பன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

இரண்டாம் நாள் படம் தலைகீழாக விழுந்தது. குகைக் கூரையில் தொங்கிய வௌவால்கள் அதைப் பார்த்துவிட்டு இறக்கை தட்டின. “இந்த ஆபீஸ் எங்க ஜனங்களுக்குன்னு செஞ்ச மொத காரியம்,” என்று கண் கலங்கினார் ஒரு பெரிய வௌவால். பதினோராம் பக்கம் மேலே வந்ததும் அங்காயி மெனுவுக்குள் போய்ப் படத்தை நிமிர்த்தினாள். வௌவால்கள் அன்றைக்கே ஒரு கண்டன மனு எழுதின, அதையும் படமாக, தலைகீழாகக் காட்ட அனுமதி கேட்டு.

பிறகு படம் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும், கவிழ்த்த கூடைபோல் விழுந்தது. அதைச் சதுரமாக்க ஒரு பொத்தான் இருந்தது, பெயர் கீஸ்டோன். படம் தரையில் வழியாமல் சுவரில் ஏற, ப்ரொஜெக்டரின் முன்காலுக்கு அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். லென்ஸைச் சுற்றி இரண்டு வளையங்கள் இருந்தன. ஒன்றைத் திருகினால் மங்கல் தெளிந்தது. இன்னொன்றைத் திருகினால் படம் பெரிதாகிக்கொண்டே போனது. அதற்கு ஜூம் என்று பெயர் என்பது ஒச்சப்பனின் பத்தொன்பதாம் பக்கம். வேர்க்கடலைத் தோலோடு கலந்து தின்ற பக்கம் என்பதால் அது வர மட்டும் அரை நாள் பிடித்தது.

அங்காயிக்கு அந்தப் பெட்டியைப் பிடித்துப்போனது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது சொன்ன பேச்சைக் கேட்டது. அழுத்தினால் எரிந்தது, திருகினால் பெரிதானது. அவள் புருஷன்கூட அப்படி இருந்ததில்லை.

படம் எடுக்கச் சுற்றுலாக்காரர்கள் தவறவிட்ட ஒரு செல்போனை நரி பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது. அங்காயி காய்ந்த குளத்தையும் அண்டா அளவுக் குட்டையையும் அதன் கரையில் உட்கார்ந்த மூன்று குட்டிகளையும் படம் எடுத்தாள். போனைப் பார்த்ததும் குட்டிகள் மூன்றும் பல்லைக் காட்டிச் சிரித்தன.

“சிரித்த முகம் குறை ஆகாது,” என்று நரி திருப்பி அனுப்பியது. மறுபடி போய், குட்டிகளிடம் அவர்கள் அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்து, முகம் வாடிய நேரம் பார்த்து எடுத்து வந்தாள். அப்படி எடுத்ததற்காக அன்று முழுவதும் அவளுக்கு மனசு சரியில்லை.

வியாழக்கிழமை மதியம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவள், ப்ரொஜெக்டரின் பின்னால் ஓடிய கம்பியைப் பார்த்தாள். கம்பி குகைக்கு வெளியே போயிற்று. அது எங்கேதான் போகிறது என்று பின்னாலேயே போனாள். புதர் வழியாக, கரையான் புற்றைச் சுற்றி, மேடு ஏறி, மொட்டைப்பாறை உச்சிக்குப் போயிற்று. நீர்நாய்க்கு மலை ஏறும் சோலி கிடையாது, பிறந்ததில் இருந்து அவள் அங்கே போனதில்லை. உச்சியில் சோலார் பலகை இருந்தது. அதில் இருந்து குளத்துப் பக்கம் இறங்கிய பழைய கம்பி அறுந்து தொங்கியது. குகைப் பக்கம் போன புதுக் கம்பி பளபளவென்று இருந்தது.

அங்காயி அங்கேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ஒரே ஓட்டமாக நரியிடம் ஓடினாள்.

“சார்! குளத்து மோட்டாருக்குப் போற கரண்டைத் திருப்பித்தானே சார் இந்தப் பெட்டிக்குக் குடுத்திருக்கீங்க? அதனாலதானே சார் எங்க குளம் வத்திப்போச்சு?”

“ஆமாம்,” என்றது நரி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. “ப்ரொஜெக்டருக்கு மின்சாரம் வேண்டுமல்லவா?”

“அந்தக் கம்பியைத் திருப்பிக் குடுத்தாப் போதுமே சார்! மனுவே வேண்டாமே!”

“தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு நீங்கள் மனு கொடுக்க வேண்டும். மனுவை ப்ரொஜெக்டரில் காட்ட வேண்டும். ப்ரொஜெக்டர் ஓடப் பலகை வேண்டும். ஆகவே பலகையை இப்போது தர முடியாது. காட்டி முடித்தால் தரலாம். ஆனால் அடுத்தவர் மனுவைக் காட்டவும் பலகை வேண்டும்.” நரி கொஞ்ச நேரம் யோசித்தது. தான் சொன்னதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடியது. இல்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. தர்பாருக்குக் காடே திரண்டு வந்திருந்தது, நியாயம் கேட்க இல்லை, பெட்டி பார்க்க. ராஜா சுவருக்குப் பக்கத்தில் உயரமான ஒரு கல்லின் அடியில் உட்கார்ந்திருந்தார். கல்லின் மேலே உட்காரலாம்தான், ஆனால் அங்கே காற்று வராது. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒரு பக்கம் பொதுப்பணி யானை, இன்னொரு பக்கம் மான்கள், கூரையில் கறுப்புத் துணி கட்டிய வௌவால்கள். அங்காயி ப்ரொஜெக்டரின் பின்னால் நின்றாள். அவள் காலடியில் பானை, பானையில் அய்யாவு. பக்கத்தில் ஆலோசகர் ஒச்சப்பன், எதையோ மென்றுகொண்டு.

“மனு எண் ஒன்று. நாணல்குளம்,” என்று நரி வாசித்தது. “காட்டுங்கள்.”

அங்காயி கூழாங்கல்லைச் சரிபார்த்தாள். ஜூம் வளையத்தைத் திருகினாள். ரிமோட்டை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது.

சுவரில் நீலம் விழுந்தது. ஓரத்தில் இருந்து ஓரம்வரை ஒரே நீலம், நடுவில் வெள்ளையாகச் சின்னச் சின்ன எழுத்து.

அங்காயி திரும்பிப் பார்த்தாள். செல்போனில் இருந்து பெட்டிக்குப் போக வேண்டிய கேபிளில் ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது. மற்ற முனை ஒச்சப்பன் வாயில் இருந்தது.

“அண்ணே!” என்றாள் அடிக்குரலில்.

ஒச்சப்பன் மெல்லுவதை நிறுத்தினான். “முப்பத்திரெண்டாம் பக்கம் வருது தாயி,” என்றான் வருத்தமாக. “‘நீலத் திரை வந்தால் கேபிளைச் சரிபார்க்கவும்.’”

அதற்குள் ராஜா எழுந்து நின்றுவிட்டார். அவர் பிறந்தது முள்ளும் புழுதியுமான வறண்ட காட்டில். இத்தனை நீலத்தை ஒரே இடத்தில் அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பிடரி சிலிர்த்தது, கண்ணில் நீர் துளிர்த்தது.

“இது நீர்,” என்றார். நடுவில் இருந்த வெள்ளை எழுத்துகளைக் காட்டி, “அவை கொக்குகள்,” என்றார்.

“ராஜா, அது தண்ணி இல்ல!” என்று கத்தினாள் அங்காயி. “அது வெறும் நீலம்! பெட்டிக்கு ஒண்ணும் தெரியலைன்னா அப்படித்தான் காட்டும்!”

“சுவரில் விழுந்ததே பதிவு,” என்றது நரி, எழுதிக்கொண்டே. “நாணல்குளம். நீர் உள்ளது. கொக்குகள் உள்ளன. குறை இல்லை.”

ஒரு மான் மெதுவாக முன்னால் வந்து சுவரை நக்கிப் பார்த்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். ராஜாவும் பார்த்தார். ராஜா மானை எப்படிப் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

“கொஞ்சம் சுண்ணாம்பு வாடை அடிக்குது,” என்றது மான் அவசரமாக. “மத்தபடி அருமையான தண்ணி.”

அவ்வளவுதான். நக்கிப் பார்க்க ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. காட்டுப்பன்றி நக்கிவிட்டு இளநீர் மாதிரி இருக்கிறது என்றது. குரங்கு ஒன்று ஓடிவந்து தலைகீழாகப் பாய்ந்து, மண்டை வீங்கி எழுந்து, “நல்ல ஆழம்,” என்று சான்று சொன்னது. அந்தக் குளத்தை வெட்டியது தான்தான் என்று யானை மெல்ல ஆரம்பித்தது.

அங்காயிக்கு அழுகை வந்தது. நீர்நாய் அழுதால் வெளியே தெரியாது, முகம் எப்போதும் ஈரமாகத்தானே இருக்கும் என்பார்கள். அன்றைக்குத் தெரிந்தது, அவள் அந்த அளவுக்குக் காய்ந்திருந்தாள். வீட்டில் மூன்று குட்டிகள் முறை வைத்து நனைந்துகொண்டிருக்கும். அவர்களுடைய வாடிய முகம் இந்தச் செல்போனுக்குள் இருக்கிறது, யாரும் பார்க்கப் போவதில்லை. இருக்கிற தண்ணீரை இல்லை என்று சொல்லும் ஆட்களை அவளுக்குத் தெரியும். இல்லாத தண்ணீரைக் குடித்து ஏப்பம் விடும் ஆட்களை இப்போதுதான் பார்க்கிறாள்.

நரி முத்திரையை எடுத்தது. “மனு முடிவு…”

மனு முடிந்தால் விதி நாற்பத்தொன்றும் முடிந்தது. அங்காயியின் கண் அவளை அறியாமல் பானைக்குள் போயிற்று. பன்னிரண்டு நாள் பசி இப்போது பதினாறு நாள் ஆகியிருந்தது. அய்யாவு அந்தப் பார்வையைப் பார்த்தான். ஆறு அண்ணன்மாரும் கடைசியாகப் பார்த்த பார்வை அதுதான்.

“அக்கா,” என்றான் அவசரமாக. “என்னைப் பார்க்காத. கல்லைப் பாரு.”

“எந்தக் கல்லுடா?”

“பெட்டிக்கு அடியில இருக்கிற கல்லு. தண்ணி இல்லைன்னா இவங்களுக்கு ஒரு விதியும் கிடையாது. தண்ணி மிஞ்சிப்போனா? அதுக்கு விதி இருக்கு. நான் படிச்சேன்.”

அங்காயி கல்லைப் பார்த்தாள். பிறகு ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருகிவிட்டுக் கூழாங்கல்லை உருவினாள்.

நீலம் சுவரில் இருந்து சரிந்தது. இரண்டு மடங்காகப் பெருகித் தரையில் வழிந்து, மான்களின் குளம்பை நனைத்து, ராஜாவின் முன்னங்கால்களின் மேல் ஏறியது.

“வெள்ளம்!” என்று அலறினாள் அங்காயி. பொய் சொல்கிறோமே என்று முதல் எழுத்தில் குரல் நடுங்கியது. கடைசி எழுத்து வரும்போது குகையே நடுங்கியது.

ராஜா ஒரே பாய்ச்சலில் உயரக் கல்லின் உச்சிக்கு ஏறினார். “நான் நீந்தேன்!” என்றார். பாடப் புத்தகத்தில் படித்த எதிர்மறை வினை முதல்முறையாக அவருக்குப் பயன்பட்டது. மான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. சற்று முன் நல்ல ஆழம் என்று சான்று சொன்ன குரங்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கால் உதைத்து நீந்தியது. யானை தும்பிக்கையை மேலே தூக்கிக்கொண்டு, அந்தக் குளத்தை வெட்டியது தான் இல்லை என்றது. வௌவால்கள் மட்டும் பதறவில்லை, கீழே இருப்பவர்களுக்கு நன்றாக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

“நீரை நீக்கு!” என்றார் ராஜா.

நரி நடுங்கிக்கொண்டே விதிப் புத்தகத்தைப் புரட்டியது. “விதி எழுபது… உபரி நீர் அருகில் உள்ள தாழ்வான குளத்துக்கு வெளியேற்றப்பட வேண்டும்… அது நாணல்குளம். மோட்டார் மூலம் வெளியேற்றப்பட வேண்டும்… மோட்டாருக்கு மின்சாரம்… பலகை! யாரங்கே, பலகையில் இருந்து வரும் கம்பியை மோட்டாருக்குக் கொடு! உடனே! மனு வேண்டாம், இது அவசரம்!”

யானை உயிர் பிழைத்தால் போதும் என்று மொட்டைப்பாறைக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் ப்ரொஜெக்டரின் விசிறி முனகி நின்றது, விளக்கு அணைந்தது. நீலம் ராஜாவின் காலடியில் இருந்தும் தரையில் இருந்தும் சுவரில் இருந்தும் ஒரே நொடியில் வடிந்துபோயிற்று. தெற்கே, குளத்துப் பக்கம், ‘டுர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“நீர் போகிறது,” என்றார் ராஜா.

“போகிறது,” என்று எழுதிக்கொண்டது நரி.

தூதுப் புறா நாணல்குளத்துக்குப் பறந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. குளத்தில் தண்ணீர் விழுகிறது, உண்மைதான் என்றது. குகையில் இருந்த தண்ணீர் குளத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அங்காயி ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

பெருவெள்ளத்தை ஒரு மணி நேரத்தில் வடியவைத்த ராஜா என்று மேலிடத்தில் இருந்து பாராட்டு வந்தது. ஒச்சப்பனுக்கு வெள்ளத் தடுப்பு ஆலோசகராகப் பதவி உயர்வு. பாராட்டுப் பத்திரத்தை அங்கேயே தின்றான். ப்ரொஜெக்டருக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, வெள்ளைச் சுவரில் ‘இங்கே குளிக்காதீர், ஆழம் பத்து அடி’ என்று பலகை மாட்டினார்கள். அந்தப் பக்கம் போகும் குரங்குகள் இப்போதும் மண்டையைத் தடவிக்கொண்டு ஒதுங்கித்தான் போகின்றன.

பத்து நாளில் நாணல்குளம் விளிம்புவரை நிறைந்தது. மூன்று குட்டிகளும் ஒரே நேரத்தில் குதித்தன, ஒரே நேரத்தில் எழுந்தன, யாரும் யாரையும் போதும் என்று சொல்லவில்லை. அங்காயி கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்திருந்தது. வயிறு நிறையவில்லை.

அன்று மாலை நரி கோப்போடு வந்தது. “மனு எண் ஒன்று. குறை தீர்ந்தது. மனுதாரர் இருவரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம்.”

அங்காயி தண்ணீரில் கையை நனைத்துப் பட்டென்று போட்டாள். போட்டுவிட்டு நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு குளத்தைப் பார்த்தாள். “அய்யாவு, தம்பி, வாடா. ஒரே ஒரு கையெழுத்து.”

குளத்தின் நடுவில் தலை ஒன்று எழுந்தது. அய்யாவு இந்தப் பத்து நாளில் நன்றாகக் கொழுத்திருந்தான்.

“வாசிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன் அக்கா.”

“எப்ப வாசிப்ப?”

“நாளைக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நரி வாரம் ஒருமுறை கோப்போடு வந்து போகிறது. அங்காயியும் தினமும் கரையில் வந்து உட்கார்ந்து, குடும்பத்தில் ஒருவன் மாதிரிதான் அவனை விசாரிக்கிறாள். அய்யாவு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான். அவன் மூன்றாம் பக்கத்தில் இருப்பதாகத் தகவல்.

நீதி: தண்ணீர் இல்லை என்று அழாதே, வெள்ளம் என்று அலறு. குறை தீர்ந்துவிட்டாலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. கோப்பு திறந்திருக்கும்வரைதான் மீனுக்கு ஆயுசு.